பீரோவில் பூட்டி வைத்த காது மெஷின்

என் அண்ணன் சிதம்பரத்தில் வரலாற்று வாத்தியாராக இருந்தவர். எந்த ராஜாவுக்குப் பிறகு எந்த ராஜா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் 2008இல் ஒரு நாள் காய்கறி வாங்கக் கீழ வீதிக்குப் போனார். திரும்பி வர வழி தெரியாமல் ஒரு கடை வாசலில் பையோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணி தேடிப் போய் அழைத்து வந்தார். மறு வருடம் அண்ணன் என்னைப் பார்த்து யார் நீங்கள் என்று மரியாதையாகக் கேட்டார். என்னிடம் ஒருநாளும் மரியாதையாகப் பேசியவர் இல்லை அவர்.

அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. தலை சுற்றினால் மாத்திரை போடுவார், சுற்றல் நின்றால் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். பத்து வருடங்கள் இப்படியே ஓட்டினார். மூளைக்குள் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அதனால்தான் பழுதாகியிருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். எனக்கும் கொதிப்பு உண்டு. நானும் அதே லட்சணத்தில்தான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு, எனக்கும் இது வருமா என்று கேட்டேன்.

வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது, வரும் வாய்ப்பைக் குறைக்க மட்டும் முடியும் என்றார். மாத்திரையை விடக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. குறிஞ்சிப்பாடி அரிசி ஆலையில் முப்பது வருடங்கள் ஃபிட்டராக இருந்தவன் நான். அந்த இரைச்சல் என் காதுகளைத் தின்றுவிட்டிருந்தது. டாக்டர் குரலை உயர்த்திச் சொன்னார்: "மொதல்ல காதுக்கு மெஷின் வைங்க சார். காது கேக்கலன்னா பேச்சு கொறையும், பேச்சு கொறைஞ்சா மூளைக்கு வேலையே இருக்காது. நாலு பேரோட பேசுங்க."

எனக்குப் பிடிக்காதது அந்தக் கடைசி வார்த்தைதான். மனைவி போய் நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. முதுநகர் வீட்டில் நான் மட்டும். மகள் பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள். பாதி காதில் விழாது, சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவேன். நாலு பேருக்கு நான் எங்கே போவேன்?

மற்றதையெல்லாம் வெறியோடு செய்தேன். காலையில் துறைமுகம் வரை நடந்தேன். உயிராக இருந்த கருவாட்டை விட்டேன். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டினேன். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னேன். பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை முடிக்காமல் காபி குடிப்பதில்லை. ஒரு சொல் கிடைக்காவிட்டால் அன்று முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பேன், நமக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று.

காது மெஷினை மகள் வாங்கிக் கொடுத்தாள். அதைத்தான் நான் கெடுத்தேன். எங்கள் வீடுகளில் விலை உயர்ந்த பொருள் எதுவும் தினசரிப் புழக்கத்துக்கு வராது. நல்ல தட்டு விருந்தாளிக்கு, பட்டு கல்யாணத்துக்கு. மெஷினையும் துணியில் சுற்றி, மனைவியின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். விசேஷத்துக்கு மட்டும் எடுத்தேன். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் மெஷின் வழியாக மண்டையைப் பிளக்கவே அங்கேயும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். மகள் கேட்டால் நன்றாகக் கேட்கிறது என்பேன்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அண்ணனைப் பார்க்கப் போவேன். பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். 2010இல் அண்ணன் பேசுவதையே நிறுத்தியிருந்தார். நான்கு மாதங்களாக ஒரு வார்த்தை இல்லை. பேசாத மனிதரைப் பார்க்கப் போவதற்கு மெஷின் எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, அண்ணி கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். அண்ணன் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்கள் என்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு சொல் அல்ல, நிறுத்தி நிறுத்தி, நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு முனகல்தான் எட்டியது. குனிந்து வாயருகே காதை வைத்தும் பயனில்லை. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. போனில் மகளிடம் சொல்லும் அதே பழக்கத்தில், "சரிண்ணே" என்று தலையாட்டினேன். அவர் கையை விட்டுவிட்டார்.

அண்ணி ஈரத் துணியோடு ஓடி வந்தார். குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது, வார்த்தை புரியவில்லை. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மெஷின் எங்கே என்று கேட்பாரே என்ற பயம். சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றேன். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அதன் பிறகு அண்ணன் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

அன்றிலிருந்து மெஷின் என் காதிலேயே இருக்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது, பக்கத்து வீட்டு டிவி கேட்கிறது. அந்த வீட்டுக்காரரோடு தினமும் கொஞ்சம் அரசியல் பேசுகிறேன். டாக்டர் சொன்ன நாலு பேரில் ஒருவராவது ஆயிற்று. மறதி இன்னும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமையை மட்டுமாவது மறந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும்.

கருமாதி அன்று வந்தவர்களுக்கெல்லாம் அண்ணி அதையே சொன்னார்: கடைசியாகத் தம்பி சாப்பிட்டானா என்றுதான் கேட்டார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது.

"நாப்பத்திரெண்டு வருசம் கூட இருந்தேன் தம்பி. உங்களயாவது கேட்டாரு. என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே."