இருபத்தேழாம் நம்பர் வண்டிகள் இரண்டு

சிங்காரவேலு பொறாமைக்காரர் அல்ல. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரருக்குப் பதவி உயர்வு வந்தபோது இரண்டு லட்டு கேட்டு வாங்கித் தின்றவர். தம்பி கோயம்புத்தூரில் மூன்று மாடி எழுப்பியபோது கிரகப்பிரவேசத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றவர். ஐம்பத்தெட்டு வயதுவரை அவரைப் பொறாமை அண்டாததற்குக் காரணம் எளிது. தன்னிடம் இருப்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று நம்பியிருந்தார்.

இருந்தது ஒரு பந்தய மோட்டார் சைக்கிள். எழுபதுகளில் சோழவரம் ஓடுதளத்தில் ஓடிய ஜாவா. சிவப்பு டேங்க், தாழ்ந்த கைப்பிடி, மூக்கில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் 27. சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் சென்னை புதுப்பேட்டையில் அதைக் கண்டுபிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதேபோல் ஓடிய மற்ற வண்டிகள் எல்லாம் இரும்பு விலைக்குப் போய்விட்டன என்பது அவர் கணக்கு. அவர் குடியிருந்த சுரங்கக் குவார்ட்டர்ஸின் பதினெட்டாவது வட்டத்துக்கு வரும் விருந்தாளிகள் காபி குடிப்பதற்கு முன் வண்டியைப் பார்த்தாக வேண்டும்.

சுரங்கத்தில் அவர் கன்வேயர் பராமரிப்பில் இருந்தார். அங்கே ஒரு பாகம் கெட்ட பிறகு மாற்றுவது அவமானம். கெடுவதற்கு முன்பே, குறித்த காலம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றியதில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கம்பியால் கட்டி, பாகத்தின் பெயர், தேதி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நல்ல பழக்கத்தை அவர் வீட்டு வண்டிக்கும் கொண்டுவந்தார். வருடத்துக்கு ஒருமுறை சுரங்கத்தில் எந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நடக்கும்போது வண்டிக்கும் ஷட்டவுன். கழற்றியதை அட்டையோடு மந்தாரக்குப்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் நஜிமுதீனிடம் கொடுத்துவிடுவார். அதன் பிறகு அது என்ன ஆகிறது என்று கேட்டதில்லை.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நஜிமுதீன் அவர் வாசலில் வந்து நின்றார். சிவப்பு டேங்க், தாழ்ந்த கைப்பிடி, வெள்ளை வட்டம், 27.

"உங்க வண்டியப் பாத்துப் பாத்து செஞ்சது சார். நகலுதான். மொதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு எடுத்துகினு வந்தேன்."

நகல் என்று அவரே ஒப்புக்கொண்டது சிங்காரவேலுவுக்கு இடைஞ்சலாகிவிட்டது. அசல் என்று பீற்றியிருந்தால் ஒரு நிமிடத்தில் மட்டம் தட்டியிருக்கலாம். தெருவே கூடிவிட்டது. பாய் ஒரே உதை உதைத்தார். வண்டி சீறிக்கொண்டு எழுந்தது.

மனைவி புஷ்பவல்லி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம வண்டி பதினோரு உதைக்கு அப்புறம் இருமும். இது பாருங்க, கூப்பிட்ட உடனே ஏன்னு கேக்குது."

"நகல் அப்படித்தான் இருக்கும்" என்றார் சிங்காரவேலு. ஏன் அப்படித்தான் இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. அது ஒரு உதவி.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மந்தாரக்குப்பம் வழியாகப் போக வேண்டிய வேலைகளை முத்தாண்டிக்குப்பம் வழியாகச் சுற்றிப் போய் முடித்தார். பிறகு புதுச்சேரியில் ஒரு மோட்டார் சைக்கிள் சங்கம் பழைய பந்தய வண்டிகளுக்குக் கண்காட்சி வைப்பதாகக் கேள்விப்பட்டதும்தான் உயிர் வந்தது. மிஞ்சியிருக்கும் அசல் வண்டிகளுக்கு மேடை. நகல்களுக்குத் தரை. பாய் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் காட்சியை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்து, விண்ணப்பம் போட்டார்.

சங்கத்திலிருந்து சோதிக்க வந்தவள் அகிலா. முப்பது வயதுகூட இருக்காது. வண்டியைச் சுற்றி வரவில்லை, வியக்கவில்லை. டார்ச்சோடு தரையில் படுத்துவிட்டாள்.

"வண்டிச் சட்டம், அதான் ஃபிரேம், அசல்தாங்க சார். ஆனா எஞ்சின்ல நம்பர் வேற. இந்த வண்டில ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும்."

"எஞ்சின் கூடு ரெண்டாயிரத்து மூணு ஷட்டவுன்ல மாத்தினதும்மா."

"வெடிச்சிருந்துச்சா?"

"காலம் முடிஞ்சிருந்துச்சு."

அகிலா டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்தாள். "பழசு எங்கங்க?"

எங்கே என்று சொல்லும்போதுதான் சிங்காரவேலுவுக்கே உறைத்தது.

மந்தாரக்குப்பம் கடையில் நஜிமுதீன் கூச்சத்தோடு இழுப்பறையைத் திறந்தார். மஞ்சள் அட்டைகள், முப்பத்தொன்று. "சார் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தூக்கிப் போட மனசு வரல."

அகிலா ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். "எஞ்சின் கூடு. நல்ல நிலையில் உள்ளது. காலம் முடிந்ததால் மாற்றப்பட்டது. டேங்க். நல்ல நிலையில் உள்ளது. முன் பிரேக். மிக நல்ல நிலையில் உள்ளது." பாயின் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தாள். "சட்டம் மட்டும்தாங்க இதுல வேற வண்டியோடது. மத்ததெல்லாம் சோழவரத்துல ஓடினது."

"இத ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வேணாம்னு குடுத்தது சார். அத வச்சிகினு அசல்னு எப்பிடிச் சொல்றது?"

சங்கத்தின் விதி ஒன்றுதான் என்றாள் அகிலா. சட்டமும் எஞ்சினும் ஒரே வண்டியில் இருந்தால் மேடை. இல்லையென்றால் இரண்டும் தரை.

"அவ்ளோதானா?" நஜிமுதீன் அப்போதே ஸ்பானரை எடுத்துவிட்டார். "ரெண்டு மணி நேர வேல. எஞ்சின எறக்கி சார் வண்டில மாட்டிடறேன். சார் மேடையில நிக்கட்டும், எனக்கு இன்னா இப்ப?"

முப்பத்து மூன்று வருடம் காத்திருந்த மேடை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது. பாயின் முகத்தில் கள்ளம் தேடினார் சிங்காரவேலு. கிடைக்கவில்லை. கள்ளம் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இது தானம். மேடையில் நிற்கும்போது பாய் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்தான், ஆனால் பெற்றவரைப் பார்க்கிற கொடுத்தவரின் பார்வையாக அது இருக்கும்.

"வேண்டாம் பாய்" என்றார். "ரெண்டையும் நகல்னே எழுதிடும்மா."

"சரி சார்" என்று நஜிமுதீன் ஸ்பானரைக் கீழே வைத்தார். கொஞ்சமாவது வருந்தியிருக்கலாம்.

புதுச்சேரியில் இரண்டு வண்டிகளும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாய் அந்த முப்பத்தொரு அட்டைகளையும் கொண்டுவந்து தன் வண்டியில் அந்தந்தப் பாகத்தில் கட்டியிருந்தார். மேடையைப் பார்க்க வந்தவர்கள் இங்கே நின்று அட்டைகளை வாசித்தார்கள், சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். சிங்காரவேலுவின் வண்டி மேல் ஒருவர் பையை வைத்துவிட்டு வந்து வாசித்தார்.

சிங்காரவேலு கண்ணை அந்தப் பக்கம் திருப்புவதில்லை என்று இருந்தார். பதினோரு மணிவரை இருந்தார். பிறகுதான் முன் பிரேக்கின் அட்டை பின் பிரேக்கில் தொங்குவது தெரிந்தது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போய் மண்டியிட்டு, கம்பியைப் பிரித்து, சரியான இடத்தில் கட்டினார். கட்டிய கை அப்படியே டேங்கைத் துடைத்தது.

"இது உங்க வண்டிங்களா சார்?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

சிங்காரவேலு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பாய் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஆமா" என்றார்.