மேற்குப் பாறையின் உப்பு

புதுக் கிணற்றில் ஊற்று கண்டால், வெட்டியவன்தான் முதல் வாய் குடித்துச் சொல்ல வேண்டும். அவன் நல்ல தண்ணீர் என்றால்தான் நிலக்காரர் வேட்டியும் கூலியும் கொடுப்பார். மொரப்பூர்ப் பக்கம் அப்போது அதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் கை நிறைய அள்ளிக் குடித்ததும், அது தொண்டையில் ஒருமுறை நின்று இறங்கியதும் இன்னும் கண்ணில் இருக்கிறது. "நல்ல தண்ணிங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. மண் சுமந்தவள் நான். மீதியை நானும் குடித்தேன். உப்பு.

வீட்டில் கேழ்வரகு தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஜெர்மன் சண்டை நடந்த காலம், மழையும் இல்லை. "நாலு நாள் எறச்சா உப்புப் போயிரும் புள்ள" என்றார் வரும் வழியில். போகவில்லை. அந்தத் தண்ணீர் பாய்ந்த நாற்று நுனி கருகியது. பாத்தியில் வெள்ளை பூத்தது.

ஊர் பழியைத் தோல் சாயபு மேல் போட்டது. கிணற்றுக்குக் கிழக்கே அவர் கொட்டகை. ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவி ரயிலில் ஏற்றுவார். "தோலுக்குப் போட்டது பத்தலைன்னு ஊருக்கும் உப்புப் போட்டுட்டான்" என்று பேசினார்கள். ஒரு காலையில் கடப்பாரையோடு முப்பது பேர் கொட்டகைக்குப் போனார்கள். சாயபு வாசலை மறித்து நின்றார்.

"உப்பு காசு குடுத்து வாங்கறனுங்க. ஒங்க கெணத்துல கொட்ட எனக்கென்ன பைத்தியமா?"

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கூரையில் முதல் கீற்று கழன்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நாங்களும் நின்றிருந்தோம். நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். அடுத்த கீற்றில் கை வைத்தபோது அவர் வாய் திறந்தார். "கெணத்த எறச்சுப் பாத்துட்டு அப்புறம் பிரிங்க. சாயபு எங்க ஓடிப் போறாரு?"

மாடு பூட்டி மதியம்வரை இறைத்தார்கள். படி கட்டாத கிணறு. இடுப்பில் கயிறு கட்டி என் வீட்டுக்காரரை இறக்கினார்கள். கயிற்றைப் பிடித்தது நிலக்காரரின் ஆட்கள் நாலு பேர். கிழக்கே, கொட்டகைப் பக்கச் சுவரில் கசிந்ததை அவர் ஒரு செம்பில் பிடித்து மேலே அனுப்பினார். நிலக்காரர் குடித்தார். நல்ல தண்ணீர். அடுத்த செம்பு மேற்கே, வெட்டும்போது என் வீட்டுக்காரர் வெடி வைத்துப் பிளந்த பாறையிலிருந்து வந்தது. நிலக்காரர் வாயில் வைத்ததும் துப்பினார்.

கீழேயிருந்து குரல் வந்தது. "இந்தக் கரட்டு மேட்டுல பெய்யற மழைக்குப் போக்கு இல்லைங்க. தண்ணி காஞ்சு போவுது, உப்பு நின்னுக்குது. பாறைக்குள்ள எத்தனை காலத்து உப்போ. நான்தான் ஒடச்சு வுட்டேன்."

நிலக்காரர் குனிந்தார். "அப்ப அன்னைக்கு நல்ல தண்ணின்னியே?"

வற்றிய கிணறு. மூச்சு விட்டாலும் மேலே கேட்கும்.

"பொய் சொன்னேனுங்க."

நாலு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கீழே ஊறிய தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்திருந்தது. நான் ஓடிக் கயிற்றைப் பிடித்தேன். ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. யாரும் அசையவில்லை. சாயபு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்று இழுத்தார்.

கொட்டகை தப்பியது. எங்களை அதன்பின் யாரும் கிணறு வெட்டக் கூப்பிடவில்லை. பொம்மிடியில் தண்டவாளத்துக்கு ஜல்லி உடைத்துப் பிழைத்தோம். இப்போது ஆழத் துளை போட்டுக் குழாய் இறக்குகிறார்கள். உப்பு வந்தால் மூடிவிட்டு அடுத்த இடம் பார்க்கிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. நான் அவரை ஒரே ஒருமுறை கேட்டேன், மேலே ஏறி வந்த பிறகு சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"மேல வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன் புள்ள" என்றார்.