அங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் மாணவிகளை ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, கொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, போன்களை ஒரு துணிப்பையில் வாங்கிக்கொள்வேன். அதன் பிறகும் ஒன்றிரண்டு கோட்டுப் பைகளில் வெளிச்சம் தெரியும். முன்பெல்லாம் நின்று திட்டுவேன். இப்போது முழங்கால் வலி. பார்த்துவிட்டு நடந்துவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து தரையைப் பார்ப்பாள். இன்ஸ்டாகிராமிலோ அவளைப் பின்தொடர ஏகப்பட்ட பேர். சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவள் போட்டிருந்த ரீல்ஸை நானும் பார்த்தேன். தெளிவான குரல், நிமிர்ந்த பார்வை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அதனால்தான் அந்த நோயாளியை அவளுக்குக் கொடுத்தேன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். சர்க்கரை. வலது கட்டைவிரலுக்கு அடியில் புண். டாக்டர் அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார். ஆறும்வரை வார்டில் இருந்தால் விரல் தப்பும், போனால் நிச்சயமில்லை என்றும் சொல்லியிருந்தார். பரிசல்காரரோ லீவுக் கூட்டம் வந்துவிட்டது, பரிசல் ஓட்டும் என் முறை போய்விடும், வீட்டுக்குப் போகக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பேசி இருக்கவைப்பது அவள் வேலை.

சார்ட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். “சர்க்கரை நோயாளிகள் பாதங்களை ஈரமின்றி வைத்திருக்க வேண்டும்.”

“ஏம்மா, அந்த அட்டைக்குப் பின்னால யாராச்சும் இருக்கீங்களா?” என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

“பரிசல் அடியில எப்பவும் தண்ணி நிக்கும் பாப்பா. ஈரம் படாம எப்படி ஓட்டறது? அதச் சொல்லு மொதல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

மதியம் அவரே என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். அவளுடைய ரீல்ஸ். பக்கத்துக் கட்டில்காரர் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதன் கீழே பரிசல்காரர் தன் கேள்வியைப் போட்டிருந்தார். பதிலும் வந்திருந்தது: காலில் பாலித்தீன் கவர் கட்டிக்கொள்ளலாம், கூடவே இரண்டு கும்பிடு எமோஜி.

“அங்க நின்னுக்கிட்டு இங்க பதில் போடுதுங்க மேடம்” என்று வாசல் பக்கம் கை காட்டினார். வராந்தாவில் அவள் போனுக்குள் குனிந்திருந்தாள். “வழி சொல்லிடுச்சு. நான் வூட்டுக்குப் போறேன். கையெழுத்தும் போட்டாச்சு.”

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்து போனார். போகும்போது அவளைப் பார்த்து, “தேங்க்ஸ்மா” என்றார்.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “குளிக்கறப்ப கட்டிக்கறதுக்குத்தான் மேடம் சொன்னேன். நாள் பூரா கட்டினா உள்ளயே ஊறிடும்.”

“நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே.”

“வீடியோவுல யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. கமெண்ட்ல கேட்டாலும் யோசிச்சு எழுதலாம். இவரு மூஞ்சியப் பாத்தா எல்லாமே மறந்துடுது மேடம்.”

இதையே வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுமொழி சொல்ல எனக்கும் அலுத்துவிட்டது. அவருடைய நம்பரை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

மெசேஜ் அனுப்பினாள். ஒரு டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. மறுநாளும் ஒன்றுதான். “போன் பண்ணு” என்றேன். “தெரியாதவங்களுக்கு நான் கால் பண்ணதே இல்ல மேடம். பயமா இருக்கு.” எனக்குக் கோபம்கூட வரவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மூன்றாவது முறை அழைத்தபோதுதான் மணி அடித்தது. ஆற்றுச் சத்தம் எனக்கே கேட்டது.

“யாருங்க?”

“நான்… அட்டை புடிச்ச பொண்ணுங்கண்ணா.”

அந்தப் பக்கம் சிரிப்பு.

“கால் எப்படி இருக்குங்கண்ணா?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். அவர் வெகுநேரம் பேசினார். அவள் குறுக்கிடவில்லை. பிறகு கேட்டாள். “கவர அவுத்துப் பாத்தீங்களா? எப்ப கட்டினது? வாசம் வருதா?” கடைசியாக, “காலையில மொத பஸ்ஸுக்கு வந்துடுங்கண்ணா” என்றாள்.

வந்துவிட்டார். ஜவுளிக்கடைக் கவரை முழங்கால் வரை இழுத்துக் கட்டியிருந்தார். அவளே உட்கார்ந்து அவிழ்த்தாள். தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது. நாற்றத்தில் பக்கத்தில் நின்ற மாணவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் திருப்பவில்லை.

“நீ சொன்னாப்லதானம்மா கட்டுனேன்.”

“நான் சொன்னது தப்புங்கண்ணா. உங்களக் கேக்காமயே சொல்லிட்டேன்.”

“இப்ப எத்தன நாளு இருக்கணும்?”

“தெரியலீங்கண்ணா. இருங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது. அறுவைக்கு முன்னால், விரலை எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அவர் கண் அவளைத் தேடியது. போன் பையுடன் வாசலில் நின்றிருந்த எனக்கு அவர் கேட்டது காதில் விழவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். நான் அடுத்த வார்டுக்கு நடந்தேன்.