இலை முற்றும் வரை

இன்று காலை ரெம்பாவ் கோயிலுக்கு மோட்டாரில் போகும்போது என் வீட்டுக்காரர் பாதி வழியில் நிறுத்திவிட்டார். டயர் பஞ்சராகிவிட்டது என்று நினைத்தேன்.

இல்லை. சாலையோர ரப்பர்த் தோட்டத்துப் பால்மரங்களைப் பார்க்கத்தான் நிறுத்தினாராம்.

போன மாதம் மொட்டையாக நின்ற மரங்கள். இன்று கிளைக்குக் கிளை செம்பு நிறக் கொழுந்து, தொட்டால் துவள்கிறது. இவர் செனாவாங் தொழிற்சாலைக்குப் போகும் முன் பதினெட்டு வருடம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

ஓரமாக நின்ற ஒரு மரத்தில் புது வெட்டு. பால் வடிந்துகொண்டிருந்தது. இவர் முகம் மாறிவிட்டது.

"யாரு லா இது? எலை முத்தறதுக்குள்ள கத்தி வச்சிருக்கான். மரம் இப்பத்தான் தெம்பையெல்லாம் போட்டுத் துளுத்து நிக்குது. கொஞ்ச நாளு சும்மா விடணும். இல்லன்னா பட்டை காஞ்சிரும்."

சொல்லிக்கொண்டே பட்டையைத் தடவிக் கொடுத்தார். மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் டபுள் ஷிப்டுக்குப் பெயர் கொடுத்திருக்கும் மனிதர்!

"அப்ப உங்களுக்கு மட்டும் எலை முத்திருச்சா?" என்று கேட்டேன்.

பட்டையிலிருந்து கையை எடுத்து மோட்டாரைக் கிளப்பினார். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, டபுள் ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "எலை முத்தற வரைக்கும்தான், சொல்லிட்டேன்" என்றார்.

உங்கள் பக்கம் மரங்கள் எப்படி இருக்கின்றன? கொழுந்தாக இருந்தால் இங்கேயே படம் போடுங்கள். முற்றிவிட்டால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

அவரும் இதைப் படிப்பார்.