அவர் சுட்டால் காற்று, நான் சுட்டால் பயம்

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் நான் வேட்டை லைசென்ஸ் எடுத்தேன். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. கூட வேலை செய்யும் ஒருத்தி வருடாவருடம் மான் இறைச்சி கொண்டுவந்து தருவாள். அவள்தான் என்னையும் கூப்பிட்டாள். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்து அன்ரி ஒருவர், "எங்கடை சனம் துவக்காலை பட்டது காணாதோ பிள்ளை?" என்று கேட்டார். அதைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறு இடத்தில்.

வேட்டைத் துவக்கு வாங்கிய கடையிலேயே, குறிபார்க்கும் ஸ்கோப்பையும் அதன்மேல் பூட்டித் தந்தார்கள். பூட்டியவர், "எல்லாம் சரிபார்த்தாச்சு, நேரே காட்டுக்குப் போகலாம்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். லைசென்சைக் காட்டிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

நான் காட்டுக்குப் போகவில்லை. ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக்கோடும் குண்டு போய் விழும் இடமும் ஒன்றாகும்வரை கடதாசியில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று லைசென்ஸ் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடி, சுடுதளம் ஒன்றுக்குப் போனேன்.

துவக்கை மண்மூட்டையில் வைத்து, நூறு கஜத் தூரத்துக் கடதாசிக்கு மூன்று வெடி வைத்தேன். ஒன்று இடது மூலையில் மேலே, ஒன்று வலது பக்கம் கீழே. மூன்றாவது கடதாசியிலேயே படவில்லை.

தளத்துக்குப் பொறுப்பானவர் பின்னால் வந்து நின்றார். வாசலில் பெயர் பதியும்போதே எந்த நாடு என்று விசாரித்தவர்.

"பயத்தில் கண்ணை மூடுகிறீர்கள். உங்கள் நாட்டு யுத்தம் பற்றி எனக்குத் தெரியும். சத்தம் கேட்டால் உடம்பு பதறத்தானே செய்யும்."

ஷெல் சத்தத்தில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் அதைச் சொல்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவளும் நான்தான். முகம் சுட்டது.

"தாருங்கள், எப்படி என்று காட்டுகிறேன்" என்று என் இடத்தில் அமர்ந்தார். மூன்று வெடி வைத்தார். மூன்றும் மூன்று திசையில்.

ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, "இன்றைக்குக் காற்று" என்றார்.

கம்பத்தில் கொடி நனைந்த துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

துவக்கை வாங்கி, ரவைக் குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, ஸ்கோப்பை இரண்டு விரலால் பிடித்து அசைத்தேன். அசைந்தது! ஒரு மயிரளவு ஆட்டத்தைக்கூட விரல் நுனியில் பிடிக்கிற வேலைதான் இருபது வருடமாகச் செய்கிறேன். இது கண்ணுக்கே தெரிந்தது. ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டின் திருகாணிகளைக் கடையில் ஒருவரும் இறுக்கவில்லை.

பையில் இருந்த திருப்புளியால் இறுக்கினேன். அடுத்த மூன்று வெடியும் நடுவுக்குக் கீழே விழுந்தன, ஆனால் மூன்றையும் ஒரு பிஸ்கற்றால் மூடலாம். ஸ்கோப்பின் மேல் குமிழைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன். கடைசி மூன்றும் நடுவில் விழுந்தன. பார்க்கச் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் தளத்தின் மறு முனைக்குப் போய்விட்டிருந்தார்.

காரில் ஏறின பிறகுதான் அது உறைத்தது. கடைக்காரரின் சொல்லை நம்பியிருந்தால்? ஒரு மான் வயிற்றில் வெடி பட்டு, பற்றைக்குள் ஓடி, நாள்முழுக்கத் துடித்துச் செத்திருக்கும். அவர் தன் கவுண்டரில் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்.

திங்கட்கிழமை கணவருடன் கடைக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்கோப் பூட்டிய கடைக்காரர் என் கணவரிடம், "எங்கேயாவது கீழே போட்டிருப்பார்" என்றார்.

"துவக்கு அவவின்ரை. அவவோடை கதையுங்கோ" என்று எங்கள் பாசையிலேயே சொன்னார் கணவர். பிறகு இங்கிலிசிலும் சொன்னார். கடைக்காரர் தோளைக் குலுக்கினார். அங்கேயே நின்று, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, சுட்ட கடதாசிகளையும் சேர்த்துக் கடை முதலாளிக்கு விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி எனக்குப் போன் எடுத்தார். என்னுடையதைப் பூட்டிய அதே வாரம் பூட்டிய ஸ்கோப்புகளை எல்லாம் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். இன்னும் இரண்டு ஆடினவாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

"கேளுங்கள்" என்றேன்.

"கணவர் பக்கத்தில் இருக்கிறாரா?"

"இருக்கிறார். கத்தரிக்காய் வெட்டுகிறார். மன்னிப்பு எனக்கு" என்றேன்.

கேட்டார்.