அண்ணனின் கேரியர் வாசல் வரை வந்த நாள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். உட்கார்ந்து எழுதுகிற தெம்பு எனக்கில்லை. ஆனால் சாவு வீட்டிலும், கருமாதியிலும், அதன் பிறகு மீன் கடையிலும்கூட ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "அந்த டாங்கி என்ன ஆச்சு?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் ஒரேயடியாக அச்சில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அது டாங்கி அல்ல. அண்ணன் இருந்திருந்தால் உங்களை இந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்திருப்பார். அது கேரியர். இரும்புத் தகடு போர்த்திய, மேலே மூடியில்லாத, சங்கிலியில் ஓடுகிற சின்னப் பட்டாள வண்டி. பழைய யுத்தத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து இங்கேயே போட்டுவிட்டுப் போனது.

அண்ணன் பிறந்தது ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பா காலமானபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு பஸ் பட்டறையில் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தனக்குச் செய்துகொண்டார். குழந்தை இல்லை. அண்ணியும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரரும் தவறியபோது, "ரெண்டு வீட்லயும் எதுக்குத் தனித்தனியா உல வைக்கணும்? வா" என்று மிங்கலாடோனில் தாம் வாங்கியிருந்த வீட்டுக்கு என்னையும் என் மகனையும் அழைத்துக்கொண்டார். அவர் நீளமாக ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. உலை வைக்கச் சொன்னதே ஆறுதல்தான்.

அந்தக் கேரியரை அவர் த்வாண்டே பக்கம் ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் பார்த்தார். பாதி உடம்பு சேற்றில் கிடந்தது, உள்ளே வாத்து முட்டையிட்டிருந்தது. பழைய இரும்பு என்றுதான் மில்காரர் கொடுத்தார். கால்வாய் வழியாகப் படகில் ஏற்றி, லாரியில் மாற்றி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து இறக்கியபோது நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஊரில் மனிதர்கள் பறவை வளர்க்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், எங்கள் அண்ணனுக்கு இது!

வெல்டர் கோ மின் அவருக்குக் கூட்டாளி. இருவருமாகச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கழற்றி டீசலில் ஊறப்போட்டார்கள். பழைய ஜீப் சாமான் விற்கும் கடைகளில் அலைந்து எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு உயிர் தேடினார்கள். தகடுகளை போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று கோ மின் சொன்னாலும் அண்ணன் கேட்கமாட்டார். பழுக்கக் காய்ச்சிய ரிவெட்தான் அடிக்க வேண்டும். கரண்ட் எப்போது வருமோ அப்போதுதான் வெல்டிங். சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருப்பேன், கரண்ட் வந்ததும் பின்னாலிருந்து நீல வெளிச்சம் அடிக்கும். துணியில் துரு, குழம்பில் டீசல் வாசம். வருஷக்கணக்கில் இப்படித்தான் குடித்தனம் நடந்தது. எனக்கு வெறுத்துப்போயிற்று என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை.

பிறகு காலம் கெட்டது. அதை இங்கே விரித்து எழுத முடியாது. அந்த நேரத்தில் என் மகனுக்குப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிற வயது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு மீதியும் விளங்கும். அவன் கடைக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தோம்.

"அண்ணே, ஊரு இருக்கிற இருப்புல பட்டாள வண்டிய வீட்ல வச்சிக்கலாமா? எவனாவது வந்து பாத்தா வண்டியோட போகாது. உள்ள புள்ள இருக்கான்" என்றேன்.

"ஒரே ஒரு தடவ தன் பலத்துல வாசல் வரைக்கும் வரட்டும் தங்கச்சி. அப்புறம் யார் கேட்டாலும் தூக்கிக் குடுத்துர்றேன்" என்றார். அவர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆயுத பூஜை அன்று எஞ்சின் தயாராக இருந்தது. அண்ணன் வேட்டி கட்டிப் பட்டை போட்டு, வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கோயில் பண்டாரத்துக்குத்தான் பெரிய குழப்பம். "டயரே இல்லியே, எலுமிச்சம்பழத்த எங்கங்க வைக்கிறது?" என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சங்கிலிக்கு அடியில வைங்க சாமி. அதுக்குக் கால் அதுதான்" என்றார் அண்ணன். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

வண்டி கிளம்பியது. சங்கிலி கடகடவென்று உருள, எலுமிச்சம்பழம் நசுங்க, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தது. அண்ணனின் முகத்தை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. இறங்கி வந்து, குங்குமம் அடைத்துக் கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயை வண்டிக்குச் சுற்றி, வாசலுக்கு வெளியே ரோட்டில் ஓங்கி உடைத்தார். அதே நேரம், நிறுத்தாமல் விட்டிருந்த எஞ்சின் புகைக்குழாயில் இரண்டு முறை வெடித்தது. துப்பாக்கி போலவே இருந்தது.

தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. பண்டாரம் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பின்வழியாகப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கொஞ்ச நேரத்தில் பட்டாள லாரி வந்து நின்றது.

அவர்கள் பார்த்தது இதுதான். இரும்புத் தகடு அடித்த வண்டி ஒன்று வாசலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு முன்னால் ரோடெல்லாம் சிவப்பு. அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "யார் ரத்தம்?"

"ரத்தமில்லை சயா, பூசணிக்காய். எங்கள் பூஜை" என்று அண்ணன் பர்மிய மொழியில் பணிவாகச் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. சுட்ட சத்தம் கேட்டதே, அடிபட்டவன் வீட்டுக்குள்தானே இருக்கிறான் என்றார். உள்ளே போய்ப் பாருங்கள் என்று ஆட்களுக்குக் கை காட்டினார். உள்ளே என் மகன் இருந்தான்.

அண்ணன் குனிந்தார். ரோட்டில் கிடந்த துண்டுகளில் நன்றாகச் சிவந்திருந்த ஒன்றை எடுத்து, கடித்து, மென்று விழுங்கினார். இன்னொன்றையும் எடுத்தார். வாயோரம் குங்குமத் தண்ணீர் வழிந்தது. "காய்தான் சயா. பாருங்கள்" என்றார்.

திருஷ்டி கழித்த காயை நாம் மிதிக்கக்கூட மாட்டோம். குழந்தைகளைக் கையைப் பிடித்து ஒதுக்கிக் கூட்டிப் போவோம். அதை எங்கள் அண்ணன் நடுரோட்டில் நின்று தின்றார். படியேறிய ஆள் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதிகாரியும் சிரித்தார். "கிழவனுக்குப் பைத்தியம்" என்று ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். போகும்போது, "மறுபடி நான் வரும்போது இது வண்டியாக இருக்கக்கூடாது" என்றார்.

அன்றைக்கே பிரிக்கத் தொடங்கினார்கள். கேஸ் வைத்து வெட்டினால் சுலபம். அண்ணன் ஒவ்வொரு ரிவெட்டாகத் துளையிட்டுத்தான் எடுத்தார். எஞ்சின் த்வாண்டேயில் ஒரு படகுக்குப் போயிற்று. தகடுகளையும் சங்கிலியையும் வார்ப்பட்டறைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் வாசலில் நின்று லாரிக்கு வழி காட்டினார், "ரைட்ல ஒடிங்க, ரைட்ல" என்று. டாங்கி என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

மகனை அதன் பிறகு அனுப்பிவைத்தோம். எங்கே என்று எழுதவில்லை. நலமாக இருக்கிறான். மாமாவுக்குக் கொள்ளி வைக்க அவனால் வர முடியவில்லை.

அண்ணனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அது சிறுநீரகத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து நானும் ஓய்ந்தேன், அவரும் ஓய்ந்தார். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது, "அத எப்டிண்ணே வாயில வச்சீங்க?" என்று கேட்டேன். "உப்பு போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். சிரிக்கவும் மூச்சு வாங்கியது. அந்த வாரமே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பெற்ற பிள்ளை போல் கூட இருந்த கோ மின்னுக்கும், பிள்ளையின் இடத்தில் நின்று கொள்ளி வைத்த என் சித்தப்பா மகனுக்கும், பந்தலும் சோறும் பார்த்துக்கொண்ட கோயில் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

திருஷ்டிப் பூசணியைத் தின்றதால்தான் மனிதர் போய்ச் சேர்ந்தார் என்று பேசிக்கொள்கிற சொந்தங்களும் இந்தப் பந்தியில் இருக்கிறீர்கள். டாக்டர் சர்க்கரை என்றுதான் சொன்னார். இருந்தாலும் உங்களோடு வாதாட எனக்கு இனித் தெம்பில்லை. நீங்கள் சொல்வதே மெய்யாக இருக்கட்டும். அந்தக் கண் அன்றைக்கு எங்கள் வீட்டுப் படி ஏறிவிட்டது. உள்ளே என் பிள்ளை இருந்தான். அண்ணன் அதை வாசலிலேயே தின்று தீர்த்துவிட்டார்.