சின்ன வெட்டுக்குப் பெரிய கட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், பார்க்க வருகிறவர்கள் கையில் மாரி பிஸ்கட் பக்கட்டும் வாயில் ஒரு கேள்வியும் இருக்கும். "எங்க, வெட்டுன எடத்தக் காட்டு." என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். காயத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு பரிதாபப்படுவது என்று முடிவு செய்வார்கள். தையல் வயிற்றுக்குக் குறுக்கே ஓடினால் அழுவார்கள். சின்னதாக இருந்தால் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

என்னுடையதை யாரும் பார்க்கவில்லை. நாடி பார்க்க நர்ஸ் கையைப் பிடித்தாலே கூச்சப்படுகிற ஆள் நான். காயம் இருந்ததோ தொடையின் முன்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே.

கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியே என் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் புது மூட்டு வைத்தார். அவருக்கு அந்த வெட்டின் மேல் அப்படி ஒரு பெருமை. படிக்க வந்த பிள்ளைகளைக் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துச் சிங்களத்தில் விளக்கினார். முன்பெல்லாம் ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, சதையையும் அறுப்பார்களாம். இப்போது முன்பக்கமாகச் சின்னதாகத் திறந்து, சதையை அறுக்காமல் இரண்டு பக்கமும் விலக்கிவிட்டு, அந்தச் சந்துக்குள்ளேயே பழைய மூட்டை எடுத்துப் புதுசை வைத்துவிடுகிறார்களாம். "கொஞ்ச நாள் போனா ஆபரேசன் செஞ்சதே யாருக்கும் தெரியாது" என்றார். அந்தப் பேச்சு எவ்வளவு பலிக்கப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அனுப்பும்போது மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார். எலும்பு புது மூட்டைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதமாவது வேண்டும். அதுவரை மலை ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. சறுக்கி விழுந்தால் எலும்பு வெடிக்கும், திரும்பத் திறக்க வேண்டி வரும். அப்போது வெட்டு சின்னதாக இருக்காது.

வெட்டுதான் சின்னது. லயத்துக்கு வருகிற ரோட்டின் பள்ளங்கள் ஒன்றும் சின்னதாகிவிடவில்லை. வந்து இறங்கியதும், குந்தி உட்காருகிற கக்கூஸில் நான் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் யோசித்தார். இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் கத்தியால் ஓட்டை போட்டார். அந்த வெட்டு என்னுடையதைவிடப் பெரியது.

அடுத்த காம்பராவில் ஓர் அண்ணன் இருக்கிறார். மரம் வெட்டும்போது விழுந்து, பழைய முறையில் இடுப்பு ஆபரேசன் செய்தவர். இடுப்பிலிருந்து பாதித் தொடை வரைக்கும் தழும்பு. அவர் சாரத்தைத் தூக்கிக் காட்டாத கல்யாண வீடு எங்கள் டிவிசனில் இல்லை. பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது அதே மாதிரி தூக்கிக் காட்டித்தான் தேயிலை ஆலையான ஸ்டோரின் கேட்டில் காவல் வேலை வாங்கினார். வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதும், எறக்கு" என்றாராம்.

அவர் வந்து வாசலில் நின்று கேட்டார். "எத்தன தையல் தங்கச்சி?"

"தையல் வெளிய தெரியாதுண்ணே. உள்ளுக்குள்ள போட்டுட்டு மேல பசை ஒட்டியிருக்காங்க."

"பசையா? கடுதாசி உறைக்கு ஒட்டுற மாதிரியா?"

"எவ்வளவு நீளம்?" என்றார் கூட நின்ற அவர் சம்சாரம். நான் விரலைக் காட்டினேன்.

"அப்ப ஒனக்கு ஆபரேசனே நடக்கல" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "மயக்க மருந்து குடுத்துத் தூங்க வச்சு, நாலு ஊசியப் போட்டு அனுப்பிட்டானுங்க."

பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி கீழ் லயம் வரைக்கும் போய்விட்டது.

லீவு முடிகிற நேரத்தில் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்கப் பெரட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை நான் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"நல்லாத்தானே நடக்குற?"

"டாக்டர் மலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னாருங்கய்யா. விழுந்தா எலும்பு..."

"ஆஸ்பத்திரி டிக்கட்டுல சின்ன வெட்டுன்னு போட்டிருக்கு. சின்ன வெட்டுக்குச் சின்ன ரெஸ்ட். திங்கக்கிழம மலைக்கு வந்துரு."

மழைக்காலம். மலையில் ஆடுகூடச் சறுக்கும். அண்ணன் மாதிரித் தூக்கிக் காட்ட எனக்குச் சாரமும் இல்லை.

அண்ணன் கேள்விப்பட்டு முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. இடுப்புக்காரன் வலி இடுப்புக்காரனுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. "அந்தாளுக்கு எலும்பு வெளங்காது, கட்டுத்தான் வெளங்கும்" என்று சொல்லி, தன் பெட்டியில் வைத்திருந்த பழைய பாண்டேஜ் சுருள்களையும் ஒரு துவாயையும் சம்சாரத்திடம் கொடுத்தனுப்பினார். அந்த அக்கா கதவைச் சாத்திக்கொண்டு சுற்றியது. அவர் வெளியே நின்று உத்தரவு போட்டார்.

"துவாய மடிச்சு உள்ள வையி. முழங்கா வரைக்கும் சுத்து!"

"வெட்டு அங்க இல்லியே" என்றது அக்கா.

"வெட்டு எங்க இருந்தா அவருக்கு என்னடி? சுத்து!"

திங்கட்கிழமை என் வலது பக்கம் ஒரு தலையணையைக் கட்டியது போல இருந்தது. சேலைக்கு மேல் கட்டுகிற படங்கு எட்டவே இல்லை. பெரட்டில் பெண்கள் விலகி வழி விட்டார்கள். என் வீட்டில் பாதி டீயோடு எழுந்து போன ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆபரேசன் செஞ்ச காலுங்கய்யா."

அதில் ஒரு பொய்யும் இல்லை. தொற்றிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இரண்டு அடி பின்னால் போனார். "சரி சரி, ஸ்டோருக்குப் போயி தூள்ல கெடக்குற குச்சி பொறுக்கு. பாத்து நட."

ஸ்டோர் கேட்டில் அண்ணன் எழுந்து நின்று சலாம் போட்டார். "வாங்க வாங்க. இப்பத்தான் ஆபரேசன் மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து தேயிலைத் தூள் சூட்டில் அந்தக் கட்டோடு உட்கார்ந்து குச்சி பொறுக்கினேன். அரிப்பு தாங்க முடியாது. ஆபரேசனுக்குப் பிறகு நான் நொண்டியதெல்லாம் அந்தக் கட்டினால்தான்.

ஆபரேசன் முடிந்து மூன்று மாதம் ஆனதும் கிளினிக்குக்கும் கட்டோடுதான் போனேன். பஸ் ஏறும்போது கணக்கப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டால்? நர்ஸ் முட்டைக்கோவா உரிப்பது போல ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். டாக்டர் பயந்தே போனார்.

"யார் கட்டினது? சீழ் வந்ததா?"

"பக்கத்து வீட்டு அக்கா, சேர். சீழ் ஒண்ணும் இல்ல."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு மூட்டை நன்றாகப் பிடித்திருக்கிறது, இனி மெதுவாக மலைக்குப் போகலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு காயம் இருந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பூரித்துப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டினார். "பாருங்க, ஒண்ணுமே தெரியல!"

ஆமாம் சேர், அதுதான் வம்பு என்று சொல்ல நினைத்தேன்.

நர்ஸ் பாண்டேஜைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனார். நான் அவசரமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கீழ் லயத்து அக்காவுக்கு அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேசன். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள்தான் போடுவார்களாம். கட்டு இல்லாமல் அவள் பெரட்டில் போய் எப்படி நிற்பாள்?